செட்டிநாட்டுத் தெருவில் புது வீடு வரும்போது: பிளான் பார்க்க ஊரே ஒரு குழு அமைப்பது எப்படி

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். புது வீடும் கட்டுகிறேன், நூறு வருஷத்து வீட்டுக்கு ஓடு மாற்றியும் கொடுக்கிறேன். எங்கள் ஊரில் யாராவது வீட்டின் தெருப்பக்கத்தில் கை வைப்பதாக இருந்தால், வேலை தொடங்கும் முன் ஐந்து பேர் உட்கார்ந்து அந்த பிளானைப் பார்த்துப் பேசுகிறோம். அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட குழுவுக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. யாருடைய அனுமதியையும் அதனால் நிறுத்த முடியாது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. பாரம்பரியக் கட்டடங்களுக்காக ஓர் ஆணையம் அமைக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2012-இல் சட்டம் இயற்றியது. இரண்டும் நல்ல விஷயம்தான். ஆனால் பட்டியலில் பேர் இருப்பதால் மட்டும் ஒரு திண்ணை இடிபடாமல் நின்றுவிடாது. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் மனையில் எவ்வளவு இடம் விட்டீர்கள், எவ்வளவு உயரம் கட்டுகிறீர்கள், எவ்வளவு பரப்பு என்று பார்க்கும். முகப்பு பக்கத்து வீட்டோடு ஒட்டி வருகிறதா என்று ஒரு சாதாரண வீட்டுக்காரரை யாரும் கேட்கப் போவதில்லை. 2024-இல் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவருக்கு இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடுகிறது. சின்னதாக வீடு கட்டுபவர் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம் என்பதால் அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அதற்கு அர்த்தம் என்னவென்றால், பிளான் இணையத்தில் ஏறிய பிறகு பேச நேரமே இல்லை. ஏறுவதற்கு முன்னால், எலிவேஷன் (முகப்புத் தோற்றம்) வரைவதற்கும் முன்னால், ஊர் பேசியாக வேண்டும்.

விதி எழுதும் முன் தெருவை எழுதுங்கள்

பல ஊர்களில் முதல் கூட்டத்திலேயே "இதைச் செய்யக்கூடாது, அதைச் செய்யக்கூடாது" என்று எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கேயே சண்டை ஆரம்பித்துவிடும். ஒரு பெரிய நோட்டு, ஒரு டேப், போன் கேமரா, இவை போதும். தெரு தெருவாக நடந்து, ஒவ்வொரு வீட்டையும் எதிரில் நின்று நேராக ஒரு படம் எடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது எடுத்தால் சுதை வேலை நன்றாகத் தெரியும். பிறகு அளவெடுங்கள்: தரையிலிருந்து திண்ணை எவ்வளவு உயரம், ஓட்டின் விளிம்பு எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது, ஜன்னலின் அகலமும் உயரமும், காம்பவுண்டுச் சுவரின் உயரம், வாசற்படியில் எத்தனை வெளியே தெரிகிறது, எத்தனை ரோட்டுக்குள் புதைந்துவிட்டது.

இந்த அளவுகள்தான் பிற்பாடு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். "தெருவின் அழகு கெடுகிறது" என்று சொன்னால் வீட்டுக்காரர் உங்கள் ரசனையோடு மல்லுக்கு நிற்பார். "இந்த வரிசையில் எல்லா வீட்டிலும் ஓட்டு விளிம்பு பத்தடியை ஒட்டி வருகிறது, உங்களுடையது மட்டும் பதினாறு அடிக்குப் போகிறது" என்றால் நோட்டைப் பார்ப்பார், பேச்சு வேறு மாதிரி போகும்.

நம் ஊர்த் தெருக்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதும் நடந்து பார்க்கும்போதுதான் புரியும். பழைய வீடுகள் தாழ்ந்த ஓட்டுச் சரிவும் நீண்ட திண்ணையுமாகத் தெருவை ஒட்டி இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வீடுகள் மாடியும் சுதைப் பொம்மைகளும் வளைவு வாசலுமாக ஓங்கி நிற்கும். அதனால் ஊர் முழுவதற்கும் ஒரே உயரம் என்று விதி போடுவது தப்பு. இரண்டு பக்கத்து வீடுகளைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நோட்டில் இன்னொரு பக்கமும் ஒதுக்குங்கள். வீட்டில் எத்தனை புள்ளிகளுக்கு, அதாவது கல்யாணமாகித் தனிக் குடும்பமான பங்காளிகளுக்கு, பங்கு, சாவி யாரிடம், யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். அந்தப் பக்கத்தைக் குழுவைத் தாண்டி யாருக்கும் காட்டக் கூடாது.

யார் உட்காருவது

பெரிய வீட்டுக்காரர்கள் மட்டும் சேர்ந்து குழு அமைத்தால் அது ஓர் ஆண்டுகூட ஓடாது. இன்று நம் ஊர்களில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள், புதிதாக வீடு கட்டுபவர்கள் பெரும்பாலும் வேறு குடும்பத்தார். விவசாயம் பார்ப்பவர், கடை வைத்திருப்பவர், வெளிநாட்டில் சம்பாதித்து வந்து தன் முதல் வீட்டைக் கட்டுபவர். பூட்டிக் கிடக்கும் அரண்மனைகளின் சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்து வந்து "உன் வீடு இப்படி இருக்க வேண்டும்" என்று சொன்னால் எந்த மனிதருக்கும் கோபம் வரும். வரத்தான் வேண்டும்.

நாங்கள் வைத்திருக்கும் ஐந்து பேரில் ஒருவர் கொத்தனார், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். ஒருவர் ஊராட்சி வார்டு உறுப்பினர். ஊரிலேயே குடியிருக்கும் ஒரு பெண்மணி இருக்கிறார், அவர் கேட்கும் கேள்விகள்தான் உருப்படியானவை. துணி எங்கே காயப்போடுவது, வயசான மாமியார் இந்தப் படியில் எப்படி ஏறுவார், திண்ணைக்குக் கம்பி போடாவிட்டால் இரவில் என்ன செய்வது என்று கேட்பார். அப்புறம் பங்காளிகள் எல்லோருக்கும் வேண்டிய நகரத்தார் (பெரிய வீட்டுச் செட்டியார்) ஒருவர். ஐந்தாவது ஆள் நான். சொந்தக்காரர் வீட்டு பிளான் வந்தால் அந்த உறுப்பினர் அன்றைக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும். நான் வரைந்த பிளான் வந்தாலும் அப்படித்தான்.

என்ன கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பேசுங்கள். வீட்டுக்குள் மாடுலர் கிச்சன் வைக்கட்டும், வளவுக்கு (நடு முற்றத்துக்கு) மேலே கண்ணாடி போடட்டும், அது அவர்கள் வாழ்க்கை. இந்த எல்லையை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

எங்கள் ஒரு பக்கத் தாளில் உள்ளவை இவை. முன்சுவர் அல்லது காம்பவுண்டுச் சுவர் பக்கத்து வீட்டுக் கோட்டிலேயே வர வேண்டும். விதிப்படி முன்னால் இடம் விட்டாக வேண்டிய மனை என்றால் வீட்டை உள்ளே தள்ளிவிட்டு, தெருக்கோட்டில் தாழ்ந்த சுவரும் ஓடு போட்ட வாசலுமாக வைக்கலாம். அப்படிச் செய்தால் தெரு வரிசை பல் விழுந்த வாய் மாதிரி ஆகாது. தெருப்பக்கத்து ஜன்னல்கள் அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி, ஏ.சி. வெளி யூனிட், டிஷ் எல்லாம் தெருவில் நிற்பவர் கண்ணில் படாமல் பின்னுக்குப் போகட்டும். முகப்பில் பளபளக்கும் ஏ.சி.பி. (அலுமினியப் பூச்சு) ஷீட்டும் வழவழ டைல்ஸும் வேண்டாம். மாடி கட்டலாம். ஆனால் இரண்டு பக்கமும் தாழ்ந்த ஓட்டு வீடு என்றால் மாடியை வீட்டின் முன்பகுதியான முதல் கட்டைத் தாண்டிப் பின்னால் எழுப்புங்கள்.

புது வீட்டைப் பழைய வீடு மாதிரி வேஷம் போட வைக்க வேண்டாம், இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தூணும் பொம்மையும் வார்த்து ஒட்டுவதைவிட, அளவோடு கட்டிய எளிமையான சுண்ணாம்பு நிறச் சுவர் அந்தத் தெருவுக்கு எவ்வளவோ மரியாதை. ஆத்தங்குடிக் கல் (பூ வேலைத் தரை ஓடு) பதிக்க ஆசையா, திண்ணையில் பதியுங்கள். பக்கத்து ஊரில் கையால் வார்க்கும் தொழிலாளிக்கு வேலையும் கிடைக்கும்.

பிளானைப் பார்க்கிற நாள்

வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அவர் வீட்டு முகப்பை மட்டும் வரைந்து கொண்டுவராமல், இடப்பக்கம் ஒரு வீடு, வலப்பக்கம் ஒரு வீடு, மூன்றையும் ஒரே தாளில் ஒரே அளவில் வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அளவு உங்கள் நோட்டில் இருக்கிறது, நீங்களே கொடுக்கலாம். அந்தத் தாளைப் பார்த்ததும் பாதிப் பேர் தாங்களாகவே உயரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். தாள் புரியாதவர்களுக்கு மனையிலேயே இரண்டு மூங்கில் நட்டு, வரப்போகிற உயரத்தில் கயிறு கட்டி, தெரு முனையில் நின்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள்.

கூட்டத்தை வீட்டுக்காரர் வீட்டுத் திண்ணையிலேயே வையுங்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் கொடுத்துவிடுங்கள். தாமதம் செய்கிற குழுவை யாரும் இரண்டாவது முறை தேடி வரமாட்டார்கள். "வேண்டாம்" என்று எழுதும் இடத்திலெல்லாம் பக்கத்திலேயே மாற்று வழியும் அதற்கு ஆகும் செலவும் இருக்க வேண்டும். அது இல்லாமல் மறுப்புச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

அடிக்கடி வருவது கார் விவகாரம். கார் நிறுத்தத் திண்ணையில் பாதியை வெட்ட வேண்டும் என்பார்கள். நம் வீடுகளில் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு இந்தத் தெருவில், பின்கட்டு வாசல் அந்தத் தெருவில். பின்பக்கம் அகலமான கதவு வைத்தால் கார் சமையல்கட்டு வரைக்கும் வரும். அரிசி மூட்டை இறக்கவும் வசதி. இதைச் சொன்ன பிறகு திண்ணையை வெட்டியே தீருவேன் என்று நின்றவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

ஓடு இன்னொரு தலைவலி. குரங்கு பிரிக்கிறது, ஒழுகுகிறது, ஏறிச் சரிசெய்ய ஆள் இல்லை, அதனால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு காங்கிரீட் போடுகிறேன் என்பார்கள். நியாயமான கஷ்டம். தெருப்பக்கத்துச் சரிவை மட்டும் ஓடாக வைத்துக்கொண்டு பின்னால் அவர்கள் விருப்பத்துக்கு விடலாம் என்பது நாங்கள் சொல்லும் வழி. கழற்றும் நல்ல ஓடுகளை எண்ணி அடுக்கி வைத்தால் முன்பக்கத்துக்குப் பல வருஷத்துக்குக் காணும்.

பழுது பார்ப்பவர்களிடம் சிமென்டைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். நம் பழைய சுவர்கள் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். அவை ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமென்ட் பூசினாலோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலோ ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கொஞ்ச வருஷத்தில் பழைய சாந்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். முட்டை வெள்ளையும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து இழைத்த பழைய பூச்சை மறுபடி செய்ய எல்லோராலும் முடியாது. சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் போதும்.

ஊராட்சியும் கேட்டு நடக்க வேண்டும்

வீட்டுக்காரர்களை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு ஊராட்சியையும் பேரூராட்சியையும் விட்டுவிட்டால் குழுவுக்கு மதிப்பு இருக்காது. தெருவை அதிகமாக மாற்றியது ரோடுதான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் படிகள் புதைந்து, மழைத்தண்ணீர் தெருவிலிருந்து வீட்டுக்குள் திரும்புகிறது. அந்தக் காலத்தில் வீட்டு முற்றத்துத் தண்ணீர் வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து ஊரணிக்குப் போனது. ரோடு வேலைக்கு மதிப்பீடு தயாராகும்போதே, பழைய தளத்தை எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். உங்கள் நோட்டில் உள்ள படிக்கணக்கு இங்கேதான் கைகொடுக்கும். மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், உயர்கோபுர விளக்கு எங்கே வரப்போகிறது என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால்

இதுதான் கடினமான வேலை. வீடுகள் ரசனை இல்லாததால் இடிபடுவதில்லை, பங்கினால் இடிபடுகின்றன. ஒரு வீட்டுக்கு இருபது புள்ளி, யாரும் குடியிருப்பதில்லை, ஓடு மாற்றப் பணம் போட ஒருவர் சம்மதித்தால் மற்றவர் சம்மதிப்பதில்லை. கடைசியில் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன, மனை மிஞ்சுகிறது.

வியாபாரி அட்வான்ஸ் கொடுத்த பிறகு பேசிப் பயனில்லை. பங்காளிகள் அனைவரும் ஊருக்கு வருவது படைப்புக்கும் (முன்னோருக்குச் செய்யும் குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கும்தான். அந்த நாள்களுக்கு ஒரு மாதம் முன்பே, குழுவிலுள்ள நகரத்தார் மூத்தவர் வழியாக ஒரு தாளை அனுப்பிவையுங்கள். ஒழுகலை நிறுத்த மட்டும் என்ன செலவு, புள்ளிக்கு எவ்வளவு விழும், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். முழுப் புதுப்பிப்புக்குக் கணக்குப் போட்டால் எல்லோரும் மிரண்டுவிடுவார்கள். ஓடும் தண்ணீர் வழியும் சரியானால் வீடு இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் தாங்கும், அதற்குள் யோசிக்க நேரம் கிடைக்கும். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் போன்ற வீடுகள் விடுதிகளாகி நிற்பதைக் காட்டலாம். எல்லா வீட்டுக்கும் அந்த யோகம் வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு பேசியும் இடிப்பது உறுதி என்றால், இரண்டு வாரம் அவகாசம் கேட்டு வீட்டை முழுவதும் அளந்து வரைந்து படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஓடு, கல், கைமரம் ஆகியவற்றை வியாபாரி விலைக்கே முதலில் ஊருக்குள் பழுதுபார்ப்பவர்களுக்குத் தரும்படி கேளுங்கள். துக்க வீட்டில் பேசுவது போல் மெதுவாகப் பேசுங்கள், அந்தக் குடும்பத்துக்கும் அது எளிதான நாள் இல்லை.

தீர்மானம்

நோட்டும் ஒரு பக்கத் தாளும் தயாரானதும் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடுகிறது. பேரூராட்சி என்றால் கிராம சபை கிடையாது, மன்றக் கூட்டத்துக்கோ பகுதி சபைக்கோ கொண்டுபோகலாம். பொருளை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், "தெருமுகப்பை மாற்றுபவர்கள் விண்ணப்பிக்கும் முன் ஊர்க் குழுவிடம் வரைபடத்தைக் காட்டிக் கருத்துப் பெறுவது விரும்பத்தக்கது" என்ற அளவில் வாசகம் போதும். "கட்டாயம்" என்று எழுதினால் நிற்காது. தீர்மான நகலை வாங்கி, அதோடு ஒரு பக்கத் தாளையும் சேர்த்து, சுற்றுவட்டாரத்தில் பிளான் போடும் இன்ஜினியர்கள், மேஸ்திரிகள், செங்கல் சூளைக்காரர், ஹார்டுவேர் கடைக்காரர் என்று எல்லோரிடமும் கொடுத்துவையுங்கள். வீடு கட்ட நினைப்பவர் முதலில் போய் நிற்பது இவர்களிடம்தான்.