கேஷுவாலிட்டிச் சீட்டு மருந்தாக மாறும்வரை

நெஞ்சுச்சளி, காய்ச்சலோடு நள்ளிரவில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போனவர்கள், "விடியட்டும், வாங்கிக்கலாம்" என்று மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார்கள். காலையில் காய்ச்சல் தணிந்தால் சீட்டு மறந்துபோகும். நிமோனியா என்றால் அது ஆபத்து. கிளம்பும் முன்பே அங்கேயே மருந்தை வாங்கிவிடுங்கள், காசு கிடையாது.

வெளியே வாங்கினால் எண்ணிப் பாருங்கள். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் 1-1-1 (காலை, மதியம், இரவு ஒவ்வொன்று), 5 நாள் என்றால் 15. அட்டையில் 10 இருந்தால் ஒன்றரை அட்டை. "ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்று 6 வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பணம் போதாவிட்டால் இருமல் டானிக்கை விடுங்கள், ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்காதீர்கள்.

குழந்தைக்குத் தண்ணீர் கலக்க வேண்டிய ஆன்டிபயாட்டிக் பவுடர் பாட்டில் கொடுத்தால், முதலில் தட்டிப் பவுடரை உதிர்த்துவிடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடுவரை நிரப்புங்கள். நுரை அடங்கினால் மட்டம் இறங்கும். மறுபடி கோட்டைத் தொட வேண்டும். தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு வேளையும் மருந்து கூடிவிடும். ஸ்பூனை நம்பாதீர்கள், மூடியில் உள்ள மி.லி. அளவுதான் சரி. அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் என்ற மருந்தும் கலந்ததென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், 7 நாளில் கொட்டிவிடுங்கள்.

வெறும் ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாட்டிக் எழுதவில்லையென்றால் நீங்களாக வாங்க வேண்டாம்; வைரஸிடம் அது பலிக்காது. மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108.