கிரேக்க எழுத்து வீடுகள்: சேருமுன் கேட்க வேண்டியவை

ரொறொன்ரோவில் பல்கலைக்கழகம் தொடங்கிய மூன்றாம் வாரம், என் அக்கா மகன் சட்டையில் ஒரு குட்டி உலோகச் சின்னத்தோடு வீட்டுக்கு வந்தான். அதில் கிரேக்க எழுத்துகள். "என்ன தம்பி இது?" என்றேன். "ஒருவருக்கும் சொல்லக்கூடாதாம், சித்தி" என்றான். அந்தப் பதில் என் வயிற்றைக் கலக்கியது. கனடாவுக்குப் புதிதாக வந்து பிள்ளையைப் படிக்க அனுப்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தச் சின்னம் 'பிரட்டேர்னிட்டி' எனப்படும் ஆண் மாணவர் சங்கத்தினுடையது. சந்தா, சேர்ந்து தங்க ஒரு வீடு, சடங்குகள், இரகசியம் எல்லாம் அதில் உண்டு. சேர விரும்புபவர் முதலில் சில வாரங்கள் தம்மை நிரூபிக்க வேண்டும். நண்பர் யாருமில்லாத பிள்ளைக்குத் திடீரென்று பத்து அண்ணன்மார் கிடைப்பது பெரிய ஆறுதல்தான். அந்த ஏக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

நகர மையத்திலுள்ள சென் ஜோர்ஜ் வளாகத்தை அண்டி நிற்பதால் இந்த வீடுகள் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தினுடையவை என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. நிறமும் இனமும் பார்த்து ஆள் சேர்த்த காரணத்தால் 1960-இலேயே பல்கலைக்கழகம் அவற்றோடு உறவை முறித்துக்கொண்டது. கிங்ஸ்டனிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவையே 1933-இல் இந்தச் சங்கங்களுக்குத் தடை போட்டது.

இந்த வீடு ஒவ்வொன்றும் ஒரு பெரிய சங்கத்தின் கிளை. ஒரு கிளையின் பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கிளைக்கு மேலே தேசியத் தலைமையகம் இருக்கிறது. பெரும்பாலும் அது அமெரிக்காவில். 1948-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 'ஃபை காப்பா சை' என்ற சங்கத்தின் கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்தது. தலைமையகம் அந்தக் கிளையையே விலக்கியது. வளாகத்துக்குள் யார் சேரலாம் என்பதை வெளியிலிருந்து ஒருவர் தீர்மானிப்பதை எந்தப் பல்கலைக்கழகம் பொறுத்துக்கொள்ளும்? நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகம் 1953-இல் தன் வளாகச் சங்கங்கள் தேசிய அமைப்புகளோடு இணைந்திருப்பதையே தடைசெய்தது.

எச்சரிக்கையாக இருக்க அடுத்த காரணம் நமக்கு நன்றாகத் தெரிந்தது: பகிடிவதை (ராகிங்). இலங்கையில் அதற்கு எதிராக 1998-இல் சட்டமே வந்தது. இங்கே அது 'சகோதரத்துவம்' என்ற பெயரில் வருகிறது. நம்மைப் போன்றவர்களின் சங்கம்தானே என்றும் ஏமாறாதீர்கள். 'பை டெல்ட்டா சை' என்ற சங்கம் ஆசிய மாணவர்களுக்கென்றே தொடங்கப்பட்டது. 2013-இல் பென்சில்வேனியா மலைப்பகுதியில், புதிதாகச் சேரவந்த மாணவர் ஒருவரின் கண்ணைக் கட்டி, மணல் நிரப்பிய பையை முதுகில் ஏற்றி, இருட்டில் மோதி விழுத்தினார்கள். அவர் நினைவிழந்த பிறகும் ஆம்புலன்ஸை அழைக்காமல் நேரத்தைக் கடத்தினார்கள். அவர் இறந்துபோனார். 2018-இல் நீதிமன்றம் அந்தச் சங்கத்துக்குப் பென்சில்வேனியாவில் பத்து ஆண்டுத் தடை விதித்தது.

ஆகவே பிள்ளை கையெழுத்திடுமுன், மாணவர் அலுவலகத்தில் அந்தச் சங்கம் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்கச் சொல்லுங்கள். கட்டணம் எவ்வளவு, யாருக்குப் போகிறது என்பதை எழுத்தில் வாங்கட்டும். கூட்டாளிகள் தேவையென்றால், அங்கீகாரம் பெற்ற தமிழ் மாணவர் மன்றங்கள் இருக்கின்றன. அங்கே யாரும் எதையும் ஒளிக்கச் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் மனப்பாடமாக்கிவிடுங்கள்: யாராவது மயங்கி விழுந்தால், எந்த அண்ணன் தடுத்தாலும், உடனே அவசர உதவி எண் 911.