பெட்ரோல் பிக்கப்பா, டீசல் பிக்கப்பா?

முதலில் என்ன லோடு, எங்கே போகிறது என்று பாருங்கள், மைலேஜ் கணக்கெல்லாம் அப்புறம். தோவாளையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பூ, கடைகளுக்குத் தண்ணீர் கேன் என்று சின்னச் சுமையோடு நின்று நின்று ஓடுவதென்றால் பெட்ரோல் மினி டிரக் தாராளமாகப் போதும். விலையும் குறைவு, சர்வீஸ் செலவும் குறைவு.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றத்தில் ஒரு டன்னுக்கு மேல் ரப்பர் ஷீட்டோ வாழைக்குலையோ ஏற்றுகிறவர்கள் டீசலே எடுங்கள். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே, அதாவது குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைக்கும், கிளட்ச்சும் பிழைக்கும்.

ஆனால் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகையைக் கட்டுப்படுத்தும் புது விதி) டீசல் வண்டிகளில் ஒரு தொல்லை உண்டு, ஷோரூமில் இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும், ஊருக்குள்ளேயே குட்டி ட்ரிப் அடித்துக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியம் வேண்டாம், மேனுவலில் சொன்னபடி ஹைவேயில் நிறுத்தாமல் சீராகக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள்.

கணக்கு இப்படி: டீசலுக்கு 80,000 ரூபாய் கூடுதல், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்று வைத்தால், 40,000 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் லாபம். உங்கள் வண்டி அதை எத்தனை மாதத்தில் ஓடும்?

குளச்சலில் மீன் ஏற்றுகிறவர்கள் எதை வாங்கினாலும் சரி, அடிப்பக்கத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு போட்டுவிடுங்கள், உப்புத்தண்ணீர் பெட்ரோல் டீசல் பார்க்காது.