பிளாஸ்டிக் பாட்டில் பட்டைகள் கலந்த சிமெண்ட் சாந்து: முதல்முறை செய்பவர்களுக்கு

சிமெண்ட் சாந்து அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்குவது சிரமம். அதனால்தான் மெல்லிய பலகை வளைந்ததும் படக்கென்று முறிகிறது. பிளாஸ்டிக் பட்டைகளுக்கு அங்கேதான் வேலை. விரிசல் விட்டபின் இரண்டு பக்கத்தையும் தைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கைப் பொடித்து மணலுக்குப் பதிலாகக் கொட்டுவது வேறு கதை. அழுத்தத்தைத் தாங்கும் வலிமை அதில் குறைந்துவிடும்.

1. கழுவி வெட்டுங்கள்
குளிர்பான பாட்டில்களை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம்: ஒட்டியிருக்கும் சர்க்கரை சிமெண்ட் இறுகுவதையே தாமதப்படுத்தும். லேபிளையும் பசையையும் நீக்கி, வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேயுங்கள். வழவழப்பாக இருந்தால் சாந்து பிடிக்காது, பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் 2 முதல் 3 மி.மீ. அகலம், 3 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள்.

2. அளவு
சிமெண்ட் 5 கிலோ, மணல் 15 கிலோ, தண்ணீர் இரண்டரை லிட்டர். சுமார் 10 லிட்டர் சாந்து வரும். அதற்கு 70 கிராம் பட்டை போதும். கன அளவில் அரை சதவீதம். அதிகம் போட்டால் காற்று சிக்கிப் பொத்தல் விழும்.

3. கலப்பது
கையுறை அவசியம், ஈர சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். மணலையும் சிமெண்டையும் உலர்வாகக் கலந்து, தண்ணீர் சேர்த்து, பட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பந்துபோல் சுருண்டுவிடும். சாந்து விறைப்பாகத் தெரியும். கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போகும், போகவிடாதீர்கள். கூடுதல் தண்ணீர் வலிமையைத் தின்றுவிடும். அச்சைத் தட்டித் தட்டி நிரப்புங்கள்.

4. காத்திருந்து உடைத்துப் பாருங்கள்
பட்டை போடாத சாந்திலும் ஒரு கட்டை வார்த்தெடுங்கள். மறுநாள் இரண்டையும் அச்சிலிருந்து எடுத்து, குறைந்தது 7 நாள் ஈரமாக வையுங்கள். 28ஆம் நாள், இரு முனைகளிலும் முட்டுக்கொடுத்து நடுவில் எடை ஏற்றுங்கள். ஒன்று இரண்டாக விழும். மற்றொன்று விரிசல் விட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். நான் இதைச் செய்யச் சொல்வதே அந்தக் காட்சிக்காகத்தான்.

நடைபாதைக் கல், பூந்தொட்டி போன்றவற்றுக்கு இது சரி. தூண், உத்தரம், கூரைக்கு வேண்டவே வேண்டாம். சிமெண்டின் காரத்தன்மை பாட்டில் பிளாஸ்டிக்கை மெல்ல அரிக்கும். நெடுநாள் உழைக்க வேண்டிய பொருள் என்றால் காரத்தைத் தாங்கும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகளைப் போடுங்கள். அது எடை குறைந்தது என்பதால் இதே கன அளவுக்கு 45 கிராம்தான் வரும்.