விசிட்டர் விசாவில் போய் டெக்சாஸில் புறா வேட்டை

செப்டம்பர் 1, டெக்சாஸின் வட, மத்திய மண்டலங்களில் புறா சீசன் தொடங்கும் நாள். அத்தான் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். முந்தின வாரம்தான் சிக்கல் தெரிந்தது. விசிட்டர் விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. "என்னுடையதுதானே, பிடி" என்று அத்தான் நீட்டி, நான் வாங்கியிருந்தால் அதுவே குற்றம்.

வழியும் அதே சட்டத்தில்தான் இருந்தது. ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியான வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. வெளியாருக்கான ஐந்து நாள் உரிமம் எடுத்தேன். புறா வலசைப் பறவை என்பதால், கூடவே அதற்கான அனுமதியும். வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் என்னிடம் இல்லை. 17 வயது நிரம்பியவர் அந்தப் பயிற்சியை ஒரு முறை மட்டும் தள்ளிவைத்துவிட்டு வேட்டைக்குப் போக அனுமதி தருகிறார்கள். பயிற்சி முடித்த, உரிமமுள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அத்தான் இருந்தார்.

அப்புறம் துப்பாக்கி. அவருடைய ஷாட்கன் ஐந்து தோட்டா கொள்ளும்; வலசைப் பறவைக்கு மூன்றுக்கு மேல் கூடாது. தோட்டாக் குழாயின் மூடியைக் கழற்றி, அளவாக வெட்டிய மரக்கட்டை ஒன்றை உள்ளே இறக்கினார். நான்காவது தோட்டாவைத் தள்ளிப் பார்த்தேன், ஏறவில்லை.

விடியலில் சூரியகாந்தி வயலோரம் நின்றோம். நாளுக்கு 15 புறா வரை அனுமதி. எனக்கு நான்கு கிடைத்தது.