மறைந்த சக செவிலியரை நினைவுகூரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்நடை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்த இரண்டு செவிலியர்கள், அண்மையில் நோயால் மறைந்த சக ஊழியர் ஒருவருக்காக எழுதிய இரங்கல் உரையை என்னிடம் படித்துக் காட்டினார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய உரையையே திரும்பக் கேட்பது போலிருந்தது. சொற்கள்கூடப் பெரிதாக மாறவில்லை. ஒரே இரவில் நான்கைந்து விலங்குகளின் சாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் இறந்தால் என்ன செய்ய வேண்டுமென்பதும் எங்களுக்குத் தெரியும் என்ற நினைப்பை அந்தப் பழக்கம் தந்துவிடுகிறது. அது உண்மையல்ல. பெயரைப் பிழையாக எழுதுவது, தேதியை மாற்றிச் சொல்வது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை; அவற்றை யாராவது உடனே திருத்திவிடுவார்கள். யாரும் திருத்தாமல் விட்டுவிடுகிற தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

பணியின் நடுவே கைப்பேசியில் செய்தி சொல்வது

இதயம் நின்றுபோன நாய்க்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த வேண்டும், அழுத்துகிறவர் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை மாற வேண்டும் என்று நாய், பூனைகளின் உயிர்மீட்புக்காக 2012இல் வெளியான ரிக்கவர் வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படி ஒரு நாயின் அருகே தன் முறைக்காகக் காத்திருந்த செவிலியர் ஒருவர், நேரம் பார்ப்பதற்காகக் கைப்பேசியை எடுத்தார். எங்கள் குழுவில் நான் அப்போதுதான் அனுப்பியிருந்த மரணச் செய்தி திரையில் இருந்தது. அவர் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, தன் இரண்டு நிமிடங்களையும் தாளம் பிசகாமல் அழுத்தி முடித்தார். பிறகு கழிப்பறைக்குள் போனவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இறந்தவரோடு ஆறு ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவர் அவர் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் அனுப்பினேன்.

நெருக்கமானவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். பணியில் இருப்பவரின் இடத்தில் வேறொருவரை நிறுத்திவிட்டு, கதவு மூடிய அறையில் நேரில் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்களைத் தொலைபேசியில் அழைக்கலாம். குழுச் செய்தி எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் போக வேண்டும்.

‘ஓய்வே அறியாதவர்’ என்று புகழ்வது

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அதில் பாதி என் மேலேயே வருகிற எரிச்சல்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த மூத்த செவிலியர் மாரடைப்பால் இறந்தபோது இரங்கல் உரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. காய்ச்சலோடும் பணிக்கு வந்தவர், தொடர்ந்து இரண்டு பணிநேரங்கள் பார்த்தாலும் முகம் சுளிக்காதவர், தனக்கென்று ஒரு விடுமுறையும் கேட்காதவர் என்றெல்லாம் எழுதினேன். கேட்ட எல்லோரும் அழுதார்கள். நிர்வாகம் அந்த உரைக்குச் சட்டம் போட்டு ஊழியர் அறைச் சுவரில் மாட்டியது. நிர்வாகத்துக்கு அது ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எட்டு மாதங்கள் கழித்து, இளம் செவிலியர் ஒருத்தி உடம்பு கொதிக்கக் கொதிக்கப் பதினாறாவது மணி நேரமாகப் பணியில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவள் சுவரில் மாட்டியிருந்த உரையைக் காட்டி, “அக்கா, அவங்க போயிருப்பாங்களா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. விடியற்காலையில், பொட்டாசியம் குளோரைடு கலந்த திரவம் ஏற வேண்டிய ஒரு நாய்க்கு, இன்ஃப்யூஷன் பம்பில் அவள் வேகத்தைப் பதிவு செய்தபோது தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப் போய்விட்டது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லி ஈக்விவலண்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) என்பதே பொதுவாக நாங்கள் தாண்டாத எல்லை. பம்பின் திரையில் இருந்ததோ மருத்துவர் எழுதியதைப் போலப் பத்து மடங்கு. அந்த வேகத்தில் ஏறியிருந்தால் நாயின் இதயம் நின்றிருக்கும். தொடங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு, அருகில் இருந்தவர் எண்ணை உரக்கப் படித்ததால் பிழை பிடிபட்டது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று டாசன், ரீட் ஆகிய இருவர் 1997இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். குடித்துவிட்டு வந்த ஒருவரை நாங்கள் பம்பின் பக்கமே விடமாட்டோம். தூங்காமல் நிற்கிறவரைப் பற்றி மட்டும் இரங்கல் உரையில் புகழ்ந்து எழுதுகிறோம்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பொட்டாசியம் கலந்த எந்தத் திரவத்தையும் இரண்டாவது ஆள் எண்ணை உரக்கப் படித்துச் சரிபார்க்காமல் தொடங்கக் கூடாது என்ற விதியை எங்கள் பிரிவில் கொண்டுவந்தவரே இறந்துபோன அந்த மூத்த செவிலியர்தான். அன்று அந்த நாயைக் காப்பாற்றியது அவருடைய விதி. அதைப் பற்றி என் உரையில் ஒரு வரிகூட இல்லை. இரட்டைப் பணிநேரம் பார்க்க நேர்ந்தபோதெல்லாம் அவர் வாய்விட்டுத் திட்டியிருக்கிறார். இரவுக்குக் கூடுதல் ஆள் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் நான் எழுதவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், அவர் எதிர்த்துக்கொண்டிருந்ததையே அவருடைய பெருமையாக மாற்றி எழுதிவிட்டேன்.

அந்தச் சட்டத்தை நானே சுவரிலிருந்து கழற்றினேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். பதிலுக்கு அவருடைய கைவேலையைப் பற்றி எழுதினேன். நாயின் முன்காலில் திரவம் ஏற்றும் மெல்லிய குழாயான கேத்தெட்டரைப் பொருத்திய பிறகு, மேலே சுற்றும் டேப்பின் கடைசி நுனியை அரை அங்குலம் உள்ளே மடித்துவிடுவார். மறுநாள் அதை எடுக்கிறவர் நுனியைத் தேடி நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை. பயந்துபோயிருக்கும் நாயின் காலை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. இப்போது எங்கள் பிரிவில் எல்லோரும் அப்படித்தான் மடிக்கிறார்கள். புதிய செவிலியர்கள் இருவரிடமும் நான் கேட்டது இதைத்தான்: இறந்தவர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதை விட்டுவிட்டு, அவரிடமிருந்து உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது எது என்று எழுதுங்கள்.

மரணத்தின் காரணத்தை ஊகிப்பது

அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. தற்கொலையால் இறந்தவர்களின் விகிதம், பொதுமக்களோடு ஒப்பிடுகையில், ஆண் மருத்துவர்களிடையே 2.1 மடங்காகவும் பெண் மருத்துவர்களிடையே 3.5 மடங்காகவும் இருந்ததாக அது காட்டியது. இந்த எண்கள் எங்கள் தொழிலில் பலருக்கும் மனப்பாடம். அதனாலேயே, இளம் வயதில் ஒருவர் இறந்துவிட்டால், குடும்பத்தார் எதுவும் சொல்வதற்கு முன்பே ஊழியர் அறையில் காரணம் முடிவாகிவிடுகிறது. ஒருமுறை நாங்கள் அப்படி முடிவு செய்துவைத்திருந்த மரணம், மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் நேர்ந்தது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அந்த வதந்தி அவருடைய தாயின் காதுக்குப் போய்விட்டிருந்தது.

உண்மையிலேயே தற்கொலைதான் என்றால், கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். எந்த முறையில் இறந்தார் என்பதைச் சொல்லக் கூடாது, ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டக் கூடாது, அந்த மரணத்தை விடுதலையாகவோ தியாகமாகவோ வருணிக்கக் கூடாது, உதவி எங்கே கிடைக்கும் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு 2000ஆம் ஆண்டு முதல் சொல்லிவருகிறது. முப்பது பேர் கேட்கிற இரங்கல் உரைக்கும் இது பொருந்தும். நாங்கள் பூட்டி வைத்துக் கணக்கெழுதும் மருந்துகளின் நடுவே வேலை செய்கிறவர்கள் என்பதால், முறையைப் பற்றிய பேச்சு இங்கே கூடுதல் ஆபத்தானது. குடும்பத்தார் வெளியே சொல்ல விரும்பாவிட்டால், “அவர் இறந்துவிட்டார்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அவசர மருந்து வண்டியில் படம் ஒட்டுவது

ஒட்டாதீர்கள். அது தினமும் கிருமிநாசினியால் துடைக்கப்படும் இடம்.

லாக்கரை உடனே காலி செய்வது

மருந்து அலமாரியின் சாவியை மட்டும் சாட்சி வைத்து எடுங்கள். மற்றவை குடும்பத்தார் வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்வது

இதை நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அதிர்ச்சிக்குப் பிறகு ஒருவரை ஒரே அமர்வில் நடந்ததை விவரிக்கச் சொல்வதால் பின்னாளைய மனப் பாதிப்பைத் தடுக்க முடிவதில்லை என்று 2002ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. சிலருக்கு அது தீங்காகவும் முடியலாம். வர விரும்புகிறவர்கள் வரட்டும், வந்தவர்களும் பேசாமல் இருக்கட்டும். கூட்டத்தைப் பகலில் ஒருமுறை, இரவுப் பணி தொடங்குவதற்கு முன் ஒருமுறை என்று இரண்டாக வையுங்கள். இரவில் வேலை செய்த ஒருவருக்கு நண்பகலில் நினைவுக் கூட்டம் வைத்து, அவரோடு வேலை செய்த யாருமே வர முடியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

விலங்குகளின் உரிமையாளர்களை மறந்துவிடுவது

நீரிழிவுள்ள பூனை ஒன்றோடு அடிக்கடி வரும் பெரியவர் ஒருவர், மூத்த செவிலியர் இறந்து மூன்று வாரங்கள் கழித்து வந்து, அவர் இருக்கிறாரா என்று கேட்டார். வரவேற்பில் இருந்தவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், விடுமுறையில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். அடுத்த முறை வந்த பெரியவர், “அவங்க திரும்பிட்டாங்களா?” என்று கேட்டார். அதன் பிறகுதான், கேட்கிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு வாக்கியங்கள் எழுதி வரவேற்பு மேசையில் வைத்தோம். பெரியவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பூனையின் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இனி ஊசி போடும்போது இவளை யார் பிடிப்பார்கள் என்று கேட்டார். பூனையின் கோப்பைத் திறந்து காட்டினேன். முதல் தாளின் ஓரத்தில் மூத்த செவிலியரின் கையெழுத்தில், ‘கழுத்தைப் பிடிக்க வேண்டாம், துண்டால் போர்த்தினால் போதும், கோபக்காரி’ என்று எழுதியிருந்தது. கோப்புகளையெல்லாம் கணினிக்கு மாற்றிய பிறகும் அந்தத் தாளை மட்டும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.