அமெரிக்காவில் பொறியாளர் உரிமம்: தேர்வுக்குப் பதிவு செய்யும் முன் மாநில விதியைப் பாருங்கள்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் பி.இ. என்றால் நான்காண்டுப் பட்டம். அமெரிக்காவிலோ அதே ஒலியில் வழங்கும் பி.இ. (புரொஃபெஷனல் இன்ஜினியர்) என்பது, வரைபடத்தில் முத்திரையிட்டுக் கையொப்பமிடும் அதிகாரத்தைத் தரும் மாநில உரிமம். தேசிய அளவில் அப்படியோர் உரிமம் கிடையாது. 1907-இல் வயோமிங் மாநிலம் தொடங்கிவைத்த இந்த முறையை இன்று ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி, தன் வாரியத்தின் மூலம் நடத்துகிறது. எந்தத் தேர்வை எழுதுவது என்பதைப் பட்டச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யாமல், நீங்கள் வேலை செய்யப்போகும் மாநிலத்தின் விதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பாதையின் பொது வடிவம் எளியது. எஃப்.இ. எனப்படும் அடிப்படைத் தேர்வு, உரிமம் பெற்ற பொறியாளரின் மேற்பார்வையில் வழக்கமாக நான்காண்டு அனுபவம், பிறகு துறைவாரியான பி.இ. தேர்வு. இரு தேர்வுகளையும் நடத்துவது என்.சி.இ.இ.எஸ். என்ற தேசிய மன்றம். உரிமம் தருவது மாநில வாரியம். சிவில் துறையில் பி.இ. எழுதுவோர் கட்டுமானம், மண்ணியல், கட்டமைப்பு, போக்குவரத்து, நீர்வளமும் சுற்றுச்சூழலும் ஆகிய ஐந்து பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மாநிலங்கள் வேறுபடுவது இதற்குப் பிறகுதான். டெக்சாஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் துறையைப் பிரிக்காமல் ஒரே உரிமம் தருகின்றன. ஆனால் தமக்குத் தேர்ச்சி இல்லாத வேலையில் முத்திரையிடுவது அங்கும் குற்றம். எந்த வேலை தம் தேர்ச்சிக்குள் அடங்கும் என்று முடிவு செய்யும் பொறுப்பு பொறியாளரிடமே விடப்படுகிறது, கேள்வி எழுந்தால் வாரியத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். நெவாடா, அலாஸ்கா போன்றவை உரிமத்தையே துறைவாரியாக வழங்குகின்றன.

கூர்ந்து படிக்க வேண்டியது கலிபோர்னியாவின் விதி. அங்கே சிவில், மின்னியல், இயந்திரவியல் ஆகிய மூன்றுக்கு மட்டுமே தொழில் காப்பு உண்டு. அதாவது, சட்டம் தரும் சில விலக்குகள் நீங்கலாக, உரிமம் இல்லாதவர் அந்த வேலையையே செய்யக்கூடாது. வேதியியல், தீப்பாதுகாப்பு, அணுவியல், பெட்ரோலியம், வாகனப் போக்குவரத்து (டிராஃபிக்) முதலிய துறைகளுக்குப் பெயர்க் காப்பு மட்டுமே: உரிமம் இல்லாதவர் அந்தப் பட்டப்பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். நடைமுறையில் இதன் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். வாகனப் போக்குவரத்துப் பொறியாளர் என்ற உரிமத்தை மட்டும் வைத்திருப்பவர், ஒரு சாலைச் சந்திப்பின் தள உயரத்தையும் மழைநீர் வடிகாலையும் வடிவமைத்த வரைபடத்தில் முத்திரையிட முடியாது. அது சிவில் வேலை. அதனால், கலிபோர்னியாவில் சாலை வேலை செய்ய நினைப்பவர் சிவில் உரிமத்துக்கே முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிவிலுக்கு அங்கே இத்தனை கண்டிப்பு இருப்பதற்குக் காரணம் உண்டு. 1928 மார்ச்சில் செயின்ட் பிரான்சிஸ் அணை நள்ளிரவில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மறு ஆண்டே சிவில் பொறியாளர் சட்டம் வந்தது. இன்றும் கலிபோர்னியாவில் சிவில் உரிமம் பெற, தேசியத் தேர்வோடு நிலநடுக்கக் கோட்பாடு, நில அளவை ஆகிய இரண்டு மாநிலத் தேர்வுகளிலும் தேற வேண்டும். வேறு மாநிலத்தில் பல ஆண்டு உரிமம் வைத்திருந்தவருக்கும் இந்த இரண்டும் பொதுவாகத் தள்ளுபடி ஆவதில்லை. வேலை மாறும் தேதியைக் குறிக்கும் முன் இதற்கு நாள் ஒதுக்குங்கள்.

கட்டமைப்புத் துறையில் இன்னொரு படி இருக்கிறது. கலிபோர்னியாவில் சிவில் உரிமத்தின் மேல் ஏறுவதுதான் எஸ்.இ. எனப்படும் கட்டமைப்புப் பொறியாளர் தகுதி. இல்லினாய் மாநிலமோ 1915 முதலே கட்டமைப்புப் பொறியாளருக்குத் தனி உரிமம் வைத்திருக்கிறது. அம்மாநிலத்தின் சிகாகோவில் ஒரு கட்டடச் சட்டகத்தை வடிவமைத்து முத்திரையிட பி.இ. மட்டும் போதாது. அங்கே போக எண்ணுபவர் தொடக்கத்திலேயே எஸ்.இ. தேர்வுக்குப் படிப்பது நல்லது.

இந்தியப் பட்டம் வைத்திருப்போருக்குத் தாமதம் பெரும்பாலும் காகிதத்தில்தான் வருகிறது. பட்டத்தை என்.சி.இ.இ.எஸ். மதிப்பிடக் கேட்கும் மாநிலங்களில், மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். என் நண்பர் ஒருவர் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த அசல்களைத் தாமே அனுப்பினார். அவை ஏற்கப்படவில்லை, கல்லூரிக்கு மீண்டும் எழுதிக் காத்திருந்ததில் மாதங்கள் போயின. ஆகவே எஃப்.இ.க்குப் படிக்கத் தொடங்கும் வாரத்திலேயே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

அனுபவக் குறிப்பையும் அன்றாடம் எழுதி வாருங்கள். “பாலத் திட்டத்தில் பணியாற்றினேன்” என்ற வரியை வாரியம் ஏற்காது. எந்தத் தூணின் அடித்தளத்தை எந்தச் சுமைக்கு நீங்கள் கணக்கிட்டீர்கள், எந்த முடிவை நீங்களே எடுத்தீர்கள், அதைச் சரிபார்த்த பொறியாளர் எந்த மாநிலத்தில், எந்தத் துறையில் உரிமம் பெற்றவர் என்பதுதான் அதற்கு வேண்டும். அந்தப் பொறியாளர் வேறு நிறுவனத்துக்குப் போவதற்கு முன்பே அவருடைய கையொப்பத்தை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.